திரையைத் தொடும் உரிமை

தண்ணீர் போதும் சார். காபி குடித்தால் எனக்கு நெஞ்சு எரியும்.

நீங்கள் கேட்டதை எளிமையாகவே சொல்கிறேன். ஒரு மென்பொருளுக்குள் பல வேலைகள் ஒரே சமயத்தில் ஓடும். ஒவ்வொன்றையும் த்ரெட் என்போம். நோயாளியின் நாடித்துடிப்பை வாங்கிவர ஒரு த்ரெட், அதைத் திரையில் காட்ட இன்னொன்று. திரையைத் தொடும் உரிமை காட்டுகிற த்ரெட்டுக்கு மட்டும்தான். மற்றவை அதனிடம் சொல்லியனுப்ப வேண்டும். மீறிக் கைவைத்தால் சில வகைக் கணினிகள் கண்டுகொள்ளாது. சிலவற்றில் திரை உறைந்துவிடும். அணையாது சார், கடைசியாக வந்த எண் அப்படியே நிற்கும்.

மாப்பிள்ளைக்கு, அதாவது என் தங்கை கணவருக்கு, இதெல்லாம் அத்துப்படி. இந்த மென்பொருளை எழுதும் எங்கள் அலுவலகத்தில் அவரைச் சேர்த்துவிட்டதே நான்தான். வந்த வேகத்தில் எனக்கே மேலதிகாரி ஆனார். நல்ல மனிதர். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒருநாள் எல்லோர் முன்னாலும் என் தோளில் கைபோட்டார்.

"மச்சான், நீங்க இனிமே கஷ்டப்படாதீங்க. டெஸ்டிங் மட்டும் பாருங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அவர் சரியாகத்தான் எழுதியிருந்தார். சொல்லியனுப்பும் அந்த வரியை எடுத்தது நான். அவர் சாப்பிடப் போனபோது, அவர் கணினியிலேயே உட்கார்ந்து எடுத்தேன். மருத்துவமனையில் இருப்பது வேறு வகைக் கணினி. அதில் ஓட்டிப் பார்ப்பது என் பொறுப்பு. ஓட்டிப் பார்த்தேன். உறைந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

இறந்துபோனவள், அந்த மருத்துவமனையில் பிள்ளை பெற்று அசந்து படுத்திருந்த பெண். உள்ளுக்குள் ரத்தம் போய்க்கொண்டிருந்ததாம். நர்ஸ் திரையை எட்டிப் பார்த்து, "நாடி நல்லாத்தான் இருக்கு, தூங்கட்டும்" என்று கதவைச் சாத்திவிட்டுப் போனாராம்.

மாப்பிள்ளையைக் கைது செய்தபோது தங்கை என் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

"அண்ணா, அவர் தப்புப் பண்ணலைன்னு நீயாவது வந்து சொல்லேன்."

"கோர்ட்டு பாத்துக்கும்மா. நீ முதல்ல சாப்பிடு" என்றேன். நானே சோறு போட்டுக் கொடுத்தேன். அன்றுதான் வெகுநாள் கழித்து நானும் வயிறாரச் சாப்பிட்டேன்.

நீங்கள் கண்டுபிடித்திருக்காவிட்டால் நானாகச் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் ஒன்று சார். இறந்த பெண் யாரென்றே எனக்குத் தெரியாது. அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை. அதை மட்டும் விட்டுவிடாமல் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.