ஆறாம் பக்கத்து எண்

துறைமுகத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் சுமை தூக்கியும் தலை தாழாத பெரியவர், இந்த விழாவின் தலைவர் அருள்பிரகாசம் அவர்களே! காசிமேட்டிலும் கல்மண்டபத்திலும் கூடையை இறக்கி வைத்த கையோடு இங்கே வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! கல்லூரியில் கார்குழலிக்கு வழிகாட்டும் பேராசிரியர் ஜஹானாரா அம்மையார் அவர்களே! உப்புக் காற்றை உண்டு உழைப்பையே உடுத்திய என் தோழர்களே! மேடைக்கு வா என்றால் வராமல், முதல் வரிசையில் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் குப்பத்துக் கார்குழலியே! படகோட்டிகள் சங்கத்தின் செயலாளர் ஜெயவேலாகிய நான் உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

நாடு முழுவதும் போட்டியிட்டு வெல்ல வேண்டிய ஆராய்ச்சி உதவித்தொகை இந்தப் பெண்ணுக்குக் கிடைத்திருக்கிறது. வாழ்த்திப் பேசு என்றார்கள். வாழ்த்துவதற்கு முன்னால் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அது கார்குழலிக்கே தெரியாது. இந்தக் கூட்டத்தில் ஒருவருக்குத்தான் தெரியும்.

என்ன? பின்னால் கேட்கவில்லையா? மைக்கைக் கொஞ்சம் ஏற்றி வையுங்கள். இது எல்லோர் காதிலும் விழ வேண்டும்.

எண்ணூர்க் கழிமுகத்தில் பன்னிரண்டு இடங்களில் சேறு எடுத்தாள் இந்தப் பெண். என் படகில்தான் போனாள். கல்லூரி ஆய்வகத்தில் அந்தச் சேற்றில் எவ்வளவு ஈயம் என்று பார்த்தாள். ஓர் இடத்தில் கிலோவுக்கு நானூற்று இருபது மில்லிகிராம் என்று வந்தது. அதை உதவித்தொகை விண்ணப்பத்தின் ஆறாம் பக்கத்தில் எழுதி, ஆராய்ச்சித் திட்டத்தோடு சான்றிதழ்களையும் சேர்த்து இணையத்தில் அனுப்பிவிட்டாள். அனுப்பிய பிறகு ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது.

நாம் என்ன செய்தோம்? அந்த எண்ணை அள்ளிக்கொண்டோம்! அச்சடித்தோம், அதிகாரிகளுக்கு மனுவாய் அனுப்பினோம், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பதாகையாய்க் கட்டினோம். மீன் செத்து மிதந்து, ஆலைக் கழிவுதான் என்று நாம் கத்தியபோதெல்லாம் ஆதாரம் எங்கே, ஆதாரம் எங்கே என்று கேட்டவர்களுக்கு இதோ ஆதாரம் என்று மார்தட்டினோம். கட்டியவன் யார்? நான்தான்.

நேர்காணலுக்கு எட்டு நாள் இருக்கும்போது சங்க அலுவலகத்துக்கு வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. சேற்றைக் கரைத்து, நீர் கலந்து பத்து மடங்கு நீர்க்கச் செய்துதான் அளப்பார்களாம். பிறகு அந்தப் பத்தால் ஒரு முறை பெருக்க வேண்டும். இவள் இரண்டு முறை பெருக்கியிருக்கிறாள். நானூற்று இருபது இல்லை, நாற்பத்திரண்டு! நேர்காணலில் இதைச் சொல்லப் போகிறேன், சங்கமும் மனுவைத் திருத்த வேண்டும் என்றாள்.

நம் தெருப் பேச்சிலேயே நான் சொன்னேன்: "இன்னாம்மா பேசுற நீ? வாய மூடிக்கினு போய்க் குந்து. அவுங்க இன்னா, ஆத்துல எறங்கியா பாக்கப் போறாங்க?"

அவள் குரல் உயரவில்லை. "நாளைக்கு வேற எவனாவது எறங்கி அளப்பான், மாமா. அன்னிக்கு நாம சொல்ற நெசத்தையும் எவனும் நம்ப மாட்டான்."

நான் எழுந்து படகுக்குப் போய்விட்டேன். மனுவைத் திருத்தவில்லை.

நேர்காணல் காணொளி வழியாக. அவள் வீட்டில் இணையம் விட்டு விட்டு வரும் என்பதால், சங்க அலுவலகத்திலேயே உட்காரச் சொல்லியிருந்தேன். காலை பதினொரு மணி. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கார்குழலி, கணினியில் தேர்வுக் குழுவின் ஐந்து முகங்கள். இந்தப் பக்கம் நானும் அவள் அம்மா மங்கம்மாவும். இணையப் பெட்டியின் சுவிட்ச் எங்கள் பக்கச் சுவரில் இருந்தது.

முதல் கேள்வி கேட்டார்கள். இவள் ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். எனக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனால், 'பேஜ் சிக்ஸ்' எனக்குப் புரியாதா? 'மிஸ்டேக்' எனக்குப் புரியாதா?

தோழர்களே! தாய்மார்களே! என் கை அந்தச் சுவிட்சின் மேல் இருந்தது. ஒரு விரல் அசைந்தால் போதும், இணைப்பு அறுந்துவிடும். கரண்ட் போச்சு என்று சொல்லிக்கொள்ளலாம். எண் காப்பாற்றப்படும், மனு காப்பாற்றப்படும், என் மானம் காப்பாற்றப்படும். அந்தப் பெண்ணின் ஐந்து வருடப் படிப்பு? அதை அந்த நொடியில் நான் நினைக்கவே இல்லை. அதுதான் என் குற்றம்.

மங்கம்மா என்னைப் பார்த்தார். "கைய எடு, ஜெயவேலு" என்றார். அவ்வளவுதான்.

எடுத்துவிட்டேன்.

அந்த ஐந்து பேரில் மூத்தவர் ஏதோ கேட்டார். அதைக் கார்குழலியிடம் கேட்டு, ஜஹானாரா அம்மையார்தான் பின்னால் எனக்கு விளக்கினார். "இந்த எண் விழுந்துவிட்டால் உங்கள் திட்டத்தில் என்ன மிச்சம்?" என்று கேட்டாராம். இவள் சொல்லியிருக்கிறாள்: "கேள்வி மிச்சம் இருக்கு சார். பதில் என்கிட்ட இல்ல. அதைத் தேடத்தான் இந்த உதவித்தொகையைக் கேட்கிறேன்."

பட்டியல் வர நாற்பத்தேழு நாள் ஆனது. அந்த நாற்பத்தேழு நாளும் இந்தக் குப்பம் அவளை எப்படி நடத்தியது? சொல்லவா? நேர்காணல் முடிந்து பதாகையை நான் அவிழ்த்த அன்று, ஆலைக்காரன்கிட்ட காசு வாங்கிட்டா என்று பேசினோம். மங்கம்மாவின் கூடைக்கு எதிரே நின்று மீன் விலை கேட்கக்கூட நம் ஆட்கள் யோசித்தார்கள். யாரும் தலை குனிய வேண்டாம், தாய்மார்களே. என் தலைதான் முதலில் குனிய வேண்டும்.

திருத்திய மனுவை நானே எடுத்துப் போனேன். எண் தவறு என்று நாங்களே சொன்னதும், மனு வாங்கும் அதிகாரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். இருபது வருடமாய் மனு கொடுக்கிறேன், உட்கார் என்று சொன்னது அன்றைக்குத்தான். விசாரணை இன்னும் முடியவில்லை. என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.

உதவித்தொகைப் பட்டியலில் இவள் பெயர் கடைசியில் இருந்து மூன்றாவது. கைதட்டுங்கள்! இன்னும்!

கார்குழலி, என்னை மன்னித்துவிடு.

நாற்பத்திரண்டு அதிகமா, குறைவா, எங்கிருந்து வந்தது? இனி நீதான் அளந்து சொல்ல வேண்டும். நமக்குச் சாதகமாய் இருக்கட்டும், பாதகமாய் இருக்கட்டும். நமக்கு இனிக்கட்டும், கசக்கட்டும். நீ எந்த எண்ணைக் கொண்டுவந்தாலும், இதே ஊர் நடுவே நின்று, இதே குரலில், ஒரு புள்ளி கூட்டாமல், ஒரு புள்ளி குறைக்காமல் நான் படிப்பேன். என்னோடு சேர்ந்து நீங்களும் கேட்பீர்களா? கேட்பீர்களா?

அந்தச் சத்தம் போதும் எனக்கு.

பொறுமையாய் இருந்து என் குற்றத்தைக் கேட்ட பெரியோர்க்கும், என் கையைத் தடுத்த தாய் மங்கம்மாவுக்கும் நன்றி சொல்லி இறங்குகிறேன். வணக்கம்.