கஞ்சியில் கலந்த கவசம்

– கதவைச் சாத்திட்டுப் பேசலாமா டாக்டரம்மா? அவர் வெளியில பெஞ்சுல உக்காந்திருக்கார். பாம்புக் காது அவருக்கு.

– சாத்திட்டேன். சொல்லுங்கம்மா, வீட்டுக்காரருக்கு என்ன குடுத்தீங்க?

– சத்து மாத்திரைதான். புத்துக் கட்டிக்குக் கரண்ட் வச்சா கழுத்துல நல்ல செல்லும் சேர்ந்து வெந்துபோகும், இது செல்லுக்குக் கவசம் மாதிரின்னு மருந்துக்கடையில சொன்னாங்க. மாத்திரைன்னா அவர் தொடமாட்டார். அதான் பொடிச்சு, தெரியாம கஞ்சில கலந்துட்டேன்.

– எவ்வளவு?

– கை நிறைய... தினமும். ஐயோ, அப்படிப் பாக்காதீங்க.

– கரண்ட்டுங்கறீங்களே, அந்தக் கதிர் வைக்கறதுக்கு முன்னாடி ஒரு ஊசி போடறோமே, எதுக்குன்னு தெரியுமா?

– வாந்தி எடுக்க வைக்கறதுக்கு. வேறென்னத்தைக் கண்டோம்.

– கட்டியோட செல்லை பலவீனப்படுத்தறதுக்கும்மா. அந்த நேரத்துல கதிர் பட்டா மறுபடி எழுந்திருக்க முடியாம செத்துப்போகும். நீங்க குடுத்தது அதுக்கு நேர் எதிர். கவசம்னாங்களே, அது நல்ல செல்லு கெட்ட செல்லுன்னு ஆள் பாத்து மாட்டாது.

– அப்போ அந்தக் கட்டிக்கும் நானே... என் கையாலயே...

– அழாதீங்க. இங்க பாருங்க. ஸ்கேன்ல கட்டி துளிகூடச் சுருங்கலைன்னதும் நான்தான் ஆடிப்போனேன். ஊசியும் கதிரும் அவர் கட்டிக்கு எடுபடவே இல்லையோன்னு. அப்படின்னா என்கிட்ட வேற வைத்தியம் கிடையாதும்மா. இப்ப காரணம் தெரிஞ்சுபோச்சு. மாத்திரையை நிறுத்துவோம். இனிமே சுருங்க வாய்ப்பிருக்கு.

– நெசமாவா? பொழைச்சுக்குவாரா?

– நம்பிக்கை வந்திருக்கு. நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்க... சார், உள்ள வாங்க!

– என்ன டாக்டரம்மா, இவ மூஞ்சி ஏன் இப்படி வீங்கிக் கெடக்கு? நோவு எனக்கா, இவளுக்கா?

– ஏங்க, திட்டாதீங்க. உங்க கஞ்சில தினமும் மாத்திரையைப் பொடிச்சுப் போட்டேன். அதனாலதான் கட்டி கரையலையாம். நிறுத்தினா சரியாயிடுமாம்.

– அட அசடு, இதுக்கா இந்த அழுகை? முதல் நாளே வாயில வச்சதும் கசந்துச்சு, துப்பிட்டேன். அன்னையிலேருந்து நீ அந்தப் பக்கம் திரும்பினதும் மொத்தக் கஞ்சியையும் கழுநீர்த் தொட்டியிலதானே கொட்டறேன்! ஒரு வாய்கூட உள்ள போகலை, போதுமா? சிரி இப்ப... என்ன டாக்டரம்மா, நீங்க ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?