மின்னிசைக்கு ஆறு கைகள்

ஊரையே ஆட்டிவைக்கும் வல்லமை இருந்தும், ஒரு மாலை நேரம் கையை மடக்கிக்கொண்டு நின்றதால் எங்களை வாழவைத்த விழாத் தலைவர், டி.ஜே. அண்ணன் அவர்களே! முகத்தைச் சுளித்தாலும் மேடையை மறுக்காத மண்டப மேலாளர் அவர்களே! காதில் பஞ்சோடு வந்து முன்வரிசையில் முறுவலிக்கும் மூத்தோர்களே! "வீட்ல கால் வைக்கற இடமெல்லாம் ஒயரு" என்று அலுத்துக்கொண்டே அந்த ஒயர்களைச் சுருட்டி வைத்த தாய்மார்களே! ஆடிக் களைக்கவென்றே அவதரித்திருக்கும் இளைய பட்டாளமே! எங்கள் மூவர் குழுவின் முதல் வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரியது!

என்ன தம்பி, பேச்சு போதும், பாட்டு வேண்டுமா? வரும், வரும்! அதுவரை என்னைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மின்னிசை என்றால் என்ன? பொத்தானை அழுத்திவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வதா? பகலில் மூக்குக்கண்ணாடி விற்கும் நான் கீபோர்டு. பல் மருத்துவமனையில் வேலை பார்க்கும் என் தங்கை டிரம்ஸ். லிஃப்ட் பழுதுபார்க்கும் அவள் கணவர், என் மாப்பிள்ளை, பேஸ் கிட்டார். கணினி வாசிப்பதைக் கைகளால் வாசிப்போம் என்று கிளம்பினோம். எங்கள் அம்மாவே கேட்டார்: "மிஷினே நல்லாத்தானே வாசிக்குது, அதுகூட உங்களுக்கு என்னடா போட்டி?"

அம்மா, இன்று பதில் சொல்கிறேன்.

போன ஆண்டு, இதே மண்டபம். மேலாளர் கறாராகச் சொன்னார்: "ஒரே ஒரு பாட்டு. ஜனம் உட்கார்ந்துட்டா அப்புறம் டி.ஜே. எடுத்துக்குவார்." எங்களுக்குள் நாங்கள் பேசி முடித்திருந்தது அதைவிடக் கடுமை. போன இடமெல்லாம் கூட்டம் கலைந்திருந்தது. இங்கும் கலைந்தால் குழுவையே கலைத்துவிடுவது! மாப்பிள்ளை தன் கிட்டாரை வாங்க ஆளே பார்த்து வைத்திருந்தார்.

எங்கள் வழக்கத்தைக் கேளுங்கள். கணினி "டிக் டிக்" என்று தாளம் எண்ணும். அது இயர்போன் வழியாக எங்கள் மூவர் காதில் மட்டும் விழும். சபைக்குக் கேட்கவே கூடாது. பாட்டின் பின்னணி மெட்டு ஒன்றையும் கணினியே சுழற்றிக்கொண்டிருக்கும். கைகள் எங்களுடையவை, கடிவாளம் கணினியுடையது! அன்று அவசரத்தில் மாப்பிள்ளை ஒயரை மாற்றிச் செருகிவிட்டார். காதுக்குள் கிசுகிசுக்க வேண்டிய டிக் டிக், மண்டபத்துப் பெரிய ஸ்பீக்கர்களில் இடியாய் இறங்கியது!

சிரிக்கிறீர்கள். எங்களுக்கு அன்று சிரிப்பு வரவில்லை ஐயா! சபையோ அதையும் பாட்டென்று நம்பிக் கைதட்டத் தொடங்கியது. பின்சுவரில் மோதித் தாமதமாய்த் திரும்பிய சத்தத்தைப் பிடிக்கப் போய், நான் ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம், மாப்பிள்ளை எந்தப் பக்கமென்றே தெரியவில்லை. முன்னால் ஆடிய சிலர் நாற்காலியைத் தேடினார்கள்.

தங்கை காதில் இருந்ததைப் பிடுங்கி எறிந்தாள். "அண்ணா, கம்ப்யூட்டர நிறுத்து!"

"நிறுத்தினா பாதிப் பாட்டு போயிடும்டி!"

"போனாப் போகட்டும். கை இருக்குல்ல? வாசி!"

நிறுத்தினேன். கணினி சுழற்றிக்கொண்டிருந்த மெட்டை என் விரல்கள் தலைமேல் போட்டுக்கொண்டு திரும்பத் திரும்ப ஓடின. தங்கையோ தட்டிய கைகளைப் பார்த்தாள். நீங்கள் தட்டிய வேகமே பாட்டின் வேகம் ஆனது!

மின்னிசையில் எல்லாரும் குதிக்கும் அந்தப் பெரிய அடி விழுமுன், சத்தம் படிப்படியாக உயரும் ஓர் ஏற்றம் உண்டு. கணினியில் அது அளந்து வைத்த நீளம். யார் உட்கார்ந்தால் என்ன, யார் எழுந்தால் என்ன? ஆனால் தங்கை கத்தினாள்: "இன்னும் விடாத அண்ணா! பின்னால உட்கார்ந்திருக்காங்க!" உருட்டினாள், ஒரு வரிசை எழுந்தது. உயர்த்தினாள், மறுவரிசை எழுந்தது. எல்லாரும் எழுந்துவிட்டார்கள், ஓரத்தில் ஒருவரைத் தவிர. யார் அவர்? மேலாளரே, தாங்கள்தான்!

"என்னப்பா இழுத்துக்கிட்டே போறாங்க, நீ போடு!" என்றார் டி.ஜே. அண்ணனிடம். அண்ணனின் ஒரு விரல் போதும், எங்கள் கதை அன்றே முடிந்திருக்கும். அவர் என்ன சொன்னார்? "இப்ப நான் கைய வெச்சா ஜனம் என்னத்தான் சார் அடிக்கும்!"

மேலாளர் தாமே மெயின் சுவிட்சை அணைக்க எழுந்தார். சாரும் ஆட எழுந்துவிட்டார் என்று நினைத்தாள் என் தங்கை. போட்டாளே ஓர் அடி! மண்டபம் அதிர, மக்கள் குதிக்க, மேலாளர் சுவிட்சுக்குப் போய்ச் சேரவேயில்லை. பாட்டு முடிந்தபின் சட்டை நனைந்து மேடையோரம் வந்து, மூச்சிரைக்கக் கேட்டார்: "அடுத்த வாரமும் வர்றீங்களா?" கீபோர்டின்மேல் கவிழ்ந்து அழுதேன். அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

அம்மா, மிஷினோடு எங்களுக்குப் போட்டியே இல்லை. மிஷின் தவறாது, அது அதன் பெருமை. ஆனால் எழத் தயங்கும் ஒருவருக்காக அது காத்திருக்குமா? கூச்சப்படுகிறவரைக் கண்டு கொஞ்சம் பொறுக்குமா? காத்திருக்கக் கைக்குத்தான் தெரியும்! டி.ஜே. சுழற்றும் இசைத்தட்டுக்கும் வாசிக்கும் கைக்கும் பகை என்பவர்களே, அன்று எங்களுக்காகக் காத்திருந்தது யார் கை? ஒரு டி.ஜே.யின் கை!

இன்று மேடையில் கணினி இல்லை, தேடாதீர்கள். தவறினால் உங்கள் கண்ணெதிரே தவறுவோம், உங்கள் கண்ணெதிரே திருத்திக்கொள்வோம். கால் வலிப்பவர்கள் மெல்ல எழுங்கள், கூச்சப்படுபவர்கள் யோசித்து எழுங்கள். அவசரமே இல்லை. கடைசி நாற்காலி காலியாகும்வரை அந்த அடியை நாங்கள் விடப்போவதில்லை!

கேட்ட காதுகளுக்கும் ஆடப்போகும் கால்களுக்கும் நன்றி கூறி, கீபோர்டுக்குப் போகிறேன். வணக்கம்!