மீனில்லாத கல்யாணம்

"என் பையன் கல்யாணத்துல மீன் கெடையாதும்மா."

தாம்பரத்தில் ஏறிய பஸ்ஸில், காலிக் கூடையை மடியில் வைத்திருந்த மீன்காரம்மாதான் இப்படிச் சொன்னார். பக்கத்தில் இருந்தது மருமகளாகப்போகிற டீச்சர்.

"மீன் இல்லன்னா எங்க ஸ்கூல்ல சிரிப்பாங்க அத்தை."

"ஈஸ்டர் முடிஞ்சாதான் சர்ச்சுல கல்யாணம்னு உங்கப்பா சொல்லிட்டாரு. அது முடிஞ்ச கையோட மீன்பிடி தடைக்காலம். லாஞ்சு எதுவும் கடலுக்குப் போவாது. ஐஸ்ல கெடந்த மீன என் பையன் கல்யாணத்துல போட மாட்டேன்."

"அப்போ தேதிய தள்ளி வச்சுக்கலாமா?"

"வேணாம்மா. தடைக்காலத்துலதான் எங்காளுங்க எல்லாம் கரையில இருப்பாங்க. எனக்கும் யாவாரம் இருக்காது. எத்தினியோ கல்யாணத்துக்கு மீன் கழுவிக் குடுத்துக்கீறேன், ஒண்ணுலயும் பந்தியில உக்காந்ததில்ல. உன் கல்யாணத்துல மொத பந்தி நான்தான். கோழி பிரியாணி."

"உங்களுக்கு நான்தான் பரிமாறுவேன் அத்தை" என்றாள் டீச்சர்.

மீன்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"சர்ச்சுல கட்டுன வெள்ளப் பொடவையிலயா? சால்னாவ மேல ஊத்திக்குவ. வேற பொடவ மாத்திக்கினு வா. அதுவரிக்கும் எலையில கைய வெக்க மாட்டேன்."