பத்திநாதனும் பேஸ் குமிழும்

உங்கள் பொலிஸ் நிலையத்துத் தேநீர் நன்றாகத்தான் இருக்கிறது ஐயா. சீனி மட்டும் கொஞ்சம் கூடிவிட்டது. எதற்கும் ஓர் அளவு வேண்டும் என்று நினைக்கிறவன் நான். பத்திநாதன் அப்படியில்லை.

பத்திநாதன் என் மனைவி றஞ்சினியின் அண்ணன். தொண்ணூறில் ஒரே படகில்தான் ராமேஸ்வரம் போனோம். என் மடியில் என்னுடைய ஸ்டீரியோ அம்ப்ளிஃபயர் இருந்தது. நடுக்கடலில் படகுக்குள் தண்ணீர் ஏற, "அந்த இரும்புப் பெட்டியத் தூக்கிக் கடலுக்க எறியடா மச்சான்" என்று கத்தினான். நான் அவனுடைய அரிசி மூட்டையை எறிந்தேன். பிறகு அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். நல்ல மனிதன். பாட்டுக் கேட்கிற காதுதான் இல்லை.

அகதி முகாமில் இருபது வருடம் அந்தப் பெட்டி றஞ்சினியின் பழஞ்சேலைக்குள் கிடந்தது. சண்டை முடிந்து மன்னாருக்குத் திரும்பி, கல்வீடு கட்டி, மின்சாரமும் வந்த பிறகு, பிரான்சிலிருந்து என் தங்கை ஜெனிற்றா ஒரு ஹோம் தியேட்டர் அனுப்பினாள். சத்தம் நாலு பக்கத்தாலும் வந்தது. ஆனால் தகரப் பேணிக்குள் அடைத்த நுளம்பு இரைகிற மாதிரி. ஆகவே முன்பக்கச் சத்தத்தைப் பழைய அம்ப்ளிஃபயருக்கும் பெரிய ஸ்பீக்கர்களுக்கும் கொடுத்தேன். பின்பக்கத்தைப் புதியதிடமே விட்டேன். முன்னால் பாட்டு, முதுகுக்குப் பின்னால் மழை. றஞ்சினி கொடியில் கிடந்த துணியை எடுக்க வெளியே ஓடினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரேயொரு குறை. இரண்டையும் இணைத்ததில் ஓர் இரைச்சல், சாமத்து வண்டு மாதிரி. பழையதன் எர்த் வயரைக் கழற்றினேன், நின்றுவிட்டது. அரைகுறையாக வேலை தெரிந்தவர்கள் செய்கிற பிழைதான். அதன்பிறகு பெட்டியின் இரும்பு உடம்பிலும் குமிழ்களிலும் கரண்ட் அடிக்கத் தொடங்கியது. ஒருமுறை என்னைச் சுவரோடு தூக்கிப் போட்டது. அன்றிலிருந்து றப்பர் செருப்புப் போடாமல் நான் அதைத் தொடுவதில்லை. வேறு யாருக்கும் சொல்லவுமில்லை. கேட்டால்தானே சொல்வது.

பத்திநாதன் மீன்பிடித்துக் கடலால் வந்ததும் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வருவான். ஈரக் கையால் அம்ப்ளிஃபயரின் இடிச்சத்தம் கூட்டுகிற பேஸ் குமிழைக் கடைசிவரை திருகுவான்.

"நெஞ்சு இடிக்கோணும் மச்சான். இல்லாட்டி என்ன பாட்டு?"

யன்னல் நடுங்கும். பாடுகிற பெண் கிணற்றுக்குள் விழுந்துவிடுவாள். அவன் போன பிறகு குமிழை மெல்லப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவேன். மறுநாளும் வருவான். நான் அவனை வெறுத்தேன் ஐயா. அதை மறைத்து என்ன பயன்?

இன்னொரு பழக்கமும் அவனுக்கு இருந்தது. றப்பர் செருப்போடு வீட்டுக்குள் வருவான். றஞ்சினி வாய் ஓயாமல் ஏசுவாள். நான்தான், "விடுமப்பா, உம்மட அண்ணன்தானே" என்று சமாதானம் சொல்வேன்.

போன வெள்ளிக்கிழமை றஞ்சினி மடு மாதா கோயிலுக்குப் போயிருந்தாள். வீட்டு நிலத்தை நானே கழுவினேன். துடைக்கவில்லை. பத்திநாதன் வாசலில் வந்து நின்றான்.

"மச்சான், செருப்பக் கழட்டிப்போட்டு வாங்கோ" என்றேன்.

"இண்டைக்கு என்ன புது மரியாதை?" என்று சிரித்தபடி கழற்றினான். சோடியாக, ஒழுங்காக வைத்தான். பிறகு வழக்கம்போலக் குமிழுக்குக் கை நீட்டினான்.

பாட்டு முடிந்த பிறகுதான் மெயின் சுவிட்சை நிறுத்தினேன். நல்ல பாட்டு, பாதியில் நிறுத்த மனம் வரவில்லை.

விபத்து என்று எழுதிவிடலாம் என்கிறீர்கள். வேண்டாம் ஐயா. நான்தான் கொன்றேன். ஆனாலும் அவன் குமிழைத் தொடாமல் இருந்திருக்கலாம். அவனை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

றஞ்சினி வெளியே அழுதுகொண்டிருப்பது கேட்கிறது. அவளிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். இவ்வளவு காலமும் அவள் கேட்டதைத்தான் நான் கடைசியில் செய்தேன். அவளுடைய அண்ணனைச் செருப்போடு உள்ளே விடவில்லை.