தண்ணீர் வண்டியில் எழுதாத சொல்

ஐயா, உங்கள் பணி நிறைவுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. மாலை ஆறு மணிச் சங்கு ஊதும்வரை நீங்கள்தான் எங்கள் மேலாளர். அதற்குள் இந்தப் பிரிவுபசார விழாவில் உங்கள் முன் இந்த மடலைப் படித்துவிட வேண்டும் என்று உங்களிடம் வேலை செய்த நாங்கள் முடிவு செய்திருக்கிறோம்.

பெருமதிப்புக்குரிய தேவானந்தம் ஐயா அவர்களே, தோலைத் தொட்டுப் பார்த்தே தரம் சொல்பவரே, தவறு செய்தவனைத் தனியே அழைத்துத் திருத்துபவரே, கொடுத்த வாக்கைக் காப்பவரே, உங்களை இப்படியெல்லாம் அழைக்க எங்களுக்குத் தயக்கம் இல்லை. 'வள்ளலே' என்று மட்டும் அழைக்க மாட்டோம். அந்தச் சொல்லைச் சேர்க்கும்படி அலுவலகத்தில் சொன்னார்கள். நாங்கள் சேர்க்கவில்லை.

1958இல் எழுத்தராகச் சேர்ந்தீர்கள். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகள் ஒவ்வொன்றாகக் குரோம் ரசாயனத்துக்கு மாறியபோது, ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் விடக்கூடாது என்று பங்குதாரர்களோடு வாதாடினீர்கள். ஆர்டர் கம்மியானது. 'பட்டை கம்பெனி' என்று நம்மைக் கேலி செய்தார்கள். அடுத்த ஆண்டு காலண்டரில் அந்தப் பெயரையே பெரிய எழுத்தில் அச்சடிக்க வைத்தீர்கள். ஊறித் தீர்ந்த பட்டைச் சக்கையை உழவர்களுக்கு எருவாகக் கொடுத்தீர்கள்.

1979 கோடையில், இந்த மேட்டுக்குக் கீழே இருக்கும் கீழ்க்காலனியின் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாமல் போனது. பருப்பு வேகவில்லை. சோப்பு நுரைக்கவில்லை. அந்த ஜூன் மாதம் முதல் நம் லாபத்தில் ஒரு பங்கைக் கொண்டு டிராக்டரில் தண்ணீர் டேங்கர் போகிறது. ஓட்டுபவர் அப்துல் கரீம் பாய். ஞாயிற்றுக்கிழமையும் போகும், ரம்ஜானன்றும் போகும், கிறிஸ்துமஸன்றும் போகும்.

டேங்கரில் பெயிண்டர் 'நன்கொடை' என்று எழுதி முடித்ததும் நீங்கள் டர்பன்டைன் துணியோடு போய் நின்றதை கரீம் பாய் இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

"இன்னா சார், காசு குடுத்து எழுத வெச்சிட்டு நீங்களே அழிக்கிறீங்க?"

"தப்பா எழுதிட்டான் பாய்."

"எழுத்து கரெக்டாதானே கீது?"

"எழுத்து கரெக்ட்தான். வார்த்தை தப்பு."

கீழ்க்காலனிப் பள்ளி ஆண்டு விழாவில் உங்களுக்குப் போர்த்த வந்த பொன்னாடையை மடித்துத் திருப்பிக் கொடுத்தீர்கள். தெருவின் சார்பில் அதை வாங்கி வந்த பட்டம்மாள் அக்கா முகத்துக்கு நேராகவே கேட்டார்: "தண்ணி குடுக்கற மவராசனுக்கு நாங்க ஒரு துண்டு போடக்கூடாதா? எங்க துண்டுன்னா மட்டமா?" நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். நாங்கள் அதை அடக்கம் என்று நினைத்தோம்.

அது அடக்கம் இல்லை.

இதைப் படிக்கும் ஜெபராணி ஆகிய நான், பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு 1983இல் இங்கே சோதனைக்கூடத்தில் சேர்ந்தேன். அந்த ஆண்டு இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்துச் சோதித்தேன். ஒன்று கீழ்க்காலனிக் கிணற்றுத் தண்ணீர். மற்றது எங்கே எடுத்தது என்று கடைசியில் சொல்கிறேன். முடிவை உங்களிடம் கொண்டு வந்தபோது கதவைச் சாத்திவிட்டுச் சொன்னீர்கள்:

"தெரியும்மா. பங்குதாரருங்ககிட்ட அன்னைக்கே சொல்லிட்டேன். தண்ணி வண்டி விட்டுக்கோ, ஆனா காரணத்த வெளிய சொல்லாதேன்னாங்க. சரின்னு வாக்குக் குடுத்துட்டேன். நான் வாயத் தொறந்தா வண்டி நின்னுடும்."

உங்களைப் புகழ்ந்தவர்கள் முன்னால் ஏழு ஆண்டுகள் அந்த வாக்கைச் சுமந்தீர்கள்.

போன வாரம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. நாளை முதல், 1986 ஜூன் ஒன்று முதல், நம் கம்பெனியின் நன்கொடைகள் எல்லாம் நிறுத்தப்படுகின்றன. தண்ணீர் வண்டியும் அதில் உண்டு. நன்கொடை என்றால் கொடுப்பவர் நினைத்தபோது நிறுத்தலாம். நீங்கள் ஏன் அந்தச் சொல்லை அழித்தீர்கள் என்று அந்தத் தாளைப் படித்தபோதுதான் எல்லாருக்கும் விளங்கியது.

நீங்கள் வாக்கு மாறமாட்டீர்கள். ஆறு மணிக்குப் பிறகும் மாறமாட்டீர்கள். மாறும்படி நாங்களும் கேட்கவில்லை. ஆனால் நாங்கள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. பங்குதாரர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களும் கேட்கட்டும். இதனால் திங்கட்கிழமை எங்களில் யாருக்கு வேலை போனாலும் போகட்டும். டேங்கர் சாவி கரீம் பாய் சட்டைப்பையில் இருக்கிறது. நாளைக் காலையும் வண்டி போகும்.

நாட்றம்பள்ளியில் மகன் வீட்டில் நீங்களும் அம்மாவும் நோயில்லாமல், நிம்மதியாகத் தூங்கி எழுந்து, நெடுங்காலம் வாழ வேண்டும். அடுத்த முறை கீழ்க்காலனிக்கு வரும்போது நீங்கள் தலைகுனியாமல் நடக்க வேண்டும்.

இந்த மடலின் ஒரு பிரதி உங்களுக்கு. சட்டம் போட்ட இன்னொரு பிரதி நம் அலுவலகச் சுவருக்கு. முடிவில் வரும் வரிகளுக்குக் கீழே தொழிலாளர்கள் எல்லாரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்திருக்கிறோம். அவற்றைப் படித்து முடிக்கிறேன்.

இரண்டாவது பாட்டில், நம் ஷெட்டுக்குப் பின்னால் பச்சைத்தோலை ஊறவைக்கும் குழியில் எடுத்தது. இந்த மேட்டில் நம்மைத் தவிர வேறு தோல் ஷாப் இல்லை. நாம் குரோம் சேர்ப்பதில்லை, அது உண்மை. தோல் கெடாமலிருக்கத் தடவி வரும் உப்பைக் கழுவிக் குழியில் விடுகிறோம், அதுவும் உண்மை. கீழ்க்காலனிக் கிணற்றைக் கெடுத்தது நம் உப்பு.