ஊமை நாள்

மக்காச்சோளக் கெங்கே உருண்டையைச் சூடா இருக்கும்போதே சாப்பிட்டுடு, அரபா. ஆறிப்போனா தொண்டைல இறங்காது. மீன் இன்னிக்குக் காலைல கரைக்கு வந்தது, உன் அத்தை பொரிச்சு வச்சிட்டுச் சந்தைக்குப் போயிருக்கா. உங்கப்பாவுக்கு முள்ளு எடுத்து ஊட்டிவிட்டுட்டேன். உள்ள தூங்குறாரு.

நேத்து நீ கேட்டியே, "மாமா, அன்னிக்குக் கடைல வேற யார் இருந்தாங்க"ன்னு. நான் மட்டும்தான்னு சொன்னேன். நீ என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தே. அத்தை பக்கத்துல இருந்ததால அப்போ மேல பேசல. எனக்குப் பொய் சொல்லிப் பழக்கம் கிடையாது. யாராவது நேராக் கேட்டா சொல்லிடுவேன். இந்த ஏழு மாசத்துல நேராக் கேட்டது நீ ஒருத்திதான். பாதிரியார் வந்தாரு, "கடவுள் சித்தம்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு. போலீஸ்காரர் ஒருத்தர் வந்தாரு, பழுது பாக்கக் கொடுத்த தன் தம்பியோட டிராம்போன் எப்போ கிடைக்கும்னு கேட்டுட்டுப் போயிட்டாரு.

நான் அந்தக் கடைக்கு வரும்போது எனக்கு இருபத்திரண்டு வயசு. "எசுமான் அண்ட் சன்ஸ், பித்தளை வாத்தியம் பழுது பார்க்கப்படும்." அந்தப் பலகையை முப்பத்துநாலு வருஷமா வருஷத்துக்கு ஒரு தடவை நான்தான் பெயிண்ட் அடிச்சேன். அதுல என் பேரு கிடையாது, நானும் கேட்டதில்ல. வால்வு பாக்குறது, பத்தவைக்கிறது, நசுங்கினதை நிமித்துறது, இதெல்லாம் என் வேலை. குழாய் வளைக்கிறது மட்டும் உங்கப்பா வேலை. அந்தக் கை எனக்கு வரல. பத்து வருஷம் முயற்சி பண்ணேன். "ஏபோ, நீ வளைச்சா டிரம்பெட் கூட பிரசவ வலி வந்த ஆடு மாதிரி கத்துது, மச்சான்"னு சிரிப்பாரு. எல்லாரும் சிரிப்பாங்க. நானும்தான் சிரிப்பேன்.

ஊமை நாளைப் பத்தி உனக்குத் தெரியும், சின்னப் பிள்ளைல பாத்திருப்பே. இருந்தாலும் வரிசையாச் சொன்னாதான் எனக்குச் சொல்ல வரும். வெறும் குழாயை வளைச்சா சப்பிப்போகும். அதனால ஈயத்தை உருக்கி உள்ள ஊத்தணும், இறுகினப்புறம் வளைக்கணும், திரும்பவும் உருக்கி வெளிய எடுக்கணும். குழாய்க்குள்ள துளி ஈரம் இருந்தாலும் போச்சு. ஈயம் பட்டதும் அந்த ஈரம் ஆவியாகி, ஊத்துனதையெல்லாம் ஊத்துறவன் மூஞ்சிக்கே திருப்பி அடிக்கும். அதனால ஈயம் ஊத்துற அன்னிக்கு வாசல்ல சிவப்புத் துணி தொங்கும். யாரும் உள்ள வந்து எதையும் ஊதிப் பாக்கக் கூடாது, எந்தக் குழாய்லயும் வாய் வைக்கக் கூடாது. பேண்டுக்காரங்க வேப்ப மரத்தடில நின்னுக்கிட்டு, "என்னய்யா, இன்னிக்கு உங்க கடைக்கு மௌன விரதமா? பொண்டாட்டிகிட்ட சண்டையா?"ன்னு கிண்டல் பண்ணுவாங்க. ஆனா துணியைத் தாண்டி ஒருத்தனும் வரமாட்டான்.

அந்தச் சட்டம் வந்ததுக்குக் காரணம் உங்க தாத்தா. நான் சேர்ந்து மூணாவது வருஷம். கார்னெட் ஊதுறவன் ஒருத்தன் விளையாட்டா ஒரு குழாயை எடுத்து ஊதிட்டு அதே இடத்துல வச்சிட்டுப் போயிட்டான். தாத்தா அதைக் கவனிக்காம ஈயத்தை ஊத்திட்டாரு. இடது கண்ணு போச்சு. அன்னிக்கு அவர் தலையை மடில வச்சுக்கிட்டுத் தண்ணி ஊத்திக் கழுவினது நான்தான். என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதுன்னு நான் சொல்லமாட்டேன். அதுக்காகத்தான் இதையும் சொல்றேன்.

போன புத்தாண்டு முகமூடி ஊர்வலம் முடிஞ்சு ரெண்டு வாரம் இருக்கும். கடை நிறைய நசுங்கின வாத்தியம். மத்தியானம் சாப்பிட உக்காந்தோம். உங்கப்பா மிளகாய் அரைச்சதைத் தொட்டுக்கிட்டே சொன்னாரு.

"மச்சான், பிப்ரவரியோட பூட்டிடலாம்னு இருக்கேன். அரபா அவ இருக்கிற நாட்டுக்கு டிக்கெட் போட்டுட்டா. பேரனைப் பாத்துக்கிட்டு அங்கயே இருந்துடுறேன்."

"எவ்வளவு நாளைக்கு?"

"நாள் கணக்கா? போனா போனதுதான்யா. இந்த வயசுல யாரு திரும்பி வந்து ஈயம் காய்ச்சப் போறா."

"அப்போ கடை?"

"நீ வேணும்னா நடத்து."

"எனக்கு வளைக்க வராதே."

"அதான் சொல்றேன், பூட்டிடலாம்." சிரிச்சாரு. "உனக்குக் கை இருக்கு, ஏபோ. எங்கயும் பொழைச்சுக்குவே."

அதுக்கப்புறம் என் தட்டுல இருந்த மீனையும் எடுத்துச் சாப்பிட்டாரு. நான் சாப்பிடலன்னு அவருக்குத் தோணியிருக்கும். கோபம் வந்ததான்னு நீ கேட்கலாம். வரல. பயம் வந்துச்சு. காலைல எந்திரிச்சு எங்க போறதுன்னு தெரியாத பயம். முப்பத்துநாலு வருஷமா அவரு முன்னாடி நடப்பாரு, நான் கருவிப் பையைத் தூக்கிக்கிட்டுப் பின்னாடி நடப்பேன். முன்னாடி யாருமே இல்லாம நான் தெருவுல எப்படி நடக்குறது? அவரு அதை ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா, "நீயும் வா"ன்னு வாய் வார்த்தைக்காவது சொல்லியிருந்தா, நான் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். சத்தியமா.

கடைசி வேலை ஒரு பெரிய டூபா. ஊர்வலக் கூட்டத்துல மிதிபட்டு அதோட வளைவு ஒண்ணு கிழிஞ்சிருந்துச்சு. புதுசா வளைச்சுப் போடணும். ஜனவரி கடைசி வியாழக்கிழமை சிவப்புத் துணியைக் கட்டினோம். பாலைவனத்துல இருந்து ஹர்மத்தான் காத்து அடிச்சுக்கிட்டு இருந்த நேரம். உதடெல்லாம் வெடிக்கிற வறட்சி, ஈரம்னு ஒண்ணு எங்கயும் இல்ல. ஈயம் ஊத்த அதைவிட நல்ல நாள் அமையாது.

உங்கப்பா குழாயை அனல்ல காட்டி நல்லாக் காய வச்சாரு. ஆறினதும் அடியில மரக்கட்டை வச்சு அடைச்சு, மணல் வாளில நட்டு வச்சாரு. ஒரு தடவைக்கு ரெண்டு தடவை உள்ள துணி விட்டுப் பாத்தாரு. அவரு எதையும் மறக்கல, அரபா. ஏழு மாசமா "நான் காய வைக்க மறந்துட்டேன், என் புத்தி கெட்டுப்போச்சு"ன்னு சுவத்துல தலையை முட்டிக்கிட்டு இருக்காரே, அது உண்மை இல்ல.

அப்போதான் போன் வந்துச்சு. நீதான் பண்ணே. உள்ள சரியாக் கேக்காதுன்னு அவரு வேப்ப மரத்தடிக்குப் போனாரு. அங்கிருந்து அவரு சிரிக்கிறது கேட்டுச்சு. பேரனுக்கு என்னமோ ஆடு மாதிரி கத்திக் காட்டுனாரு. நான் வாளிகிட்ட போய், குழாயோட வாய்ல என் வாயை வச்சு ஒரு மூச்சு விட்டேன். அவ்வளவுதான். ஒரே ஒரு மூச்சு.

என் கணக்கு சின்னது. கைல சுடும், கொப்புளம் வரும், பயணம் ஒரு மாசம் தள்ளிப்போகும். ஒரு மாசத்துல மனசு மாறலாம். மனுஷன்தானே.

கண்ணாடியைப் பத்தியும் சொல்லிடணும். தாத்தா விஷயத்துக்கு அப்புறம் வாங்கின கண்ணாடி, கடைக்கு ஒண்ணுதான் இருந்துச்சு. ஊத்தும்போது அவரு போட்டுக்குவாரு. போன் பேசிட்டு வந்து தேடினாரு. நான் அதைப் போட்டுக்கிட்டு சாணைச் சக்கரத்துல ஒரு வால்வு மூடியைத் தேச்சுக்கிட்டு இருந்தேன். அது அவசர வேலை இல்ல. "சரி விடு, ஒரு நொடி வேலை, நீ தேய்"னு சொல்லிட்டு ஈயக் கரண்டியை எடுத்தாரு. நான் கழட்டிக் கொடுக்கல. அவரு கேட்கவும் இல்ல.

சத்தம் பெருசா ஒண்ணும் வரல. ஏதோ தும்மினாப்பல இருந்துச்சு. அப்புறம் அவரு தரைல கிடந்தாரு. முகத்துல வெள்ளி பூசினது மாதிரி இருந்துச்சு. ரெண்டு கையையும் முன்னாடி நீட்டித் தடவிக்கிட்டே, முதல்ல அவரு கேட்டது என்ன தெரியுமா?

"ஏபோ, உன் கண்ணுக்கு ஒண்ணும் ஆகலையே?"

இல்ல மச்சான்னு சொன்னேன்.

ஆஸ்பத்திரில ரெண்டுமே போச்சுன்னு சொன்னாங்க. டூபாவைப் பேண்டுக்காரங்க வந்து அப்படியே எடுத்துட்டுப் போயிட்டாங்க. நான் கடையைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். வால்வு இருக்கு, பத்தவைக்கிற வேலை இருக்கு, கொஞ்ச நாள் ஓட்டலாம்னு நினைச்சேன். உங்கப்பா கூட உக்காந்து சொல்லிக் கொடுத்தா இந்தத் தடவை வளைக்கக்கூட வந்திருக்கும். கண்ணு எதுக்கு, வாய் இருந்தா போதுமே. அதையும் மனசுல வச்சிருந்தேன், மறைக்கல. மார்ச் மாசம் ஒரு நாள் உங்கப்பா என் சட்டையைப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சாரு.

"இந்தக் கடை எங்கப்பன் கண்ணைத் தின்னுச்சு. என் கண்ணையும் தின்னுடுச்சு. அடுத்தது உன் கண்ணைக் கேக்கும். பூட்டுடா."

"எனக்கு ஒண்ணும் ஆகாது மச்சான்."

"பேசாதே. உன்னையும் கை பிடிச்சு நடத்த என் தங்கச்சிக்கு எத்தனை கை இருக்கு? பூட்டு."

எனக்காகத்தான் பூட்டச் சொன்னாரு. கருவியெல்லாம் தகோராடி ஊர்க்காரன் ஒருத்தன் வண்டில ஏத்திட்டுப் போனான். பலகையை நானே கழட்டினேன். இப்போ அங்க செல்போன் ரிப்பேர் கடை வந்திருக்கு. பசங்க நல்ல பசங்க. வணக்கம் சொல்லுவாங்க.

சாப்பிடு. நிறுத்திட்டே பாரு. தண்ணி பாக்கெட் இந்தா, ஓரத்துல கடிச்சுக் குடி.

ஒரு மூச்சுன்னு சொன்னேன் இல்ல. அது சரியில்ல. காய்ஞ்ச காத்து, காய்ஞ்ச குழாய், ஒரு மூச்சுக்கு அது வெடிக்காது. எனக்கு அது தெரியும். இந்த மாதிரிதான் ஒரு தண்ணி பாக்கெட்டைக் கடிச்சு வாய் நிறைய வச்சிருந்தேன். உங்கப்பா வெளிய ஆடு மாதிரி கத்திக்கிட்டு இருந்தப்போ, அதை மெதுவா, ஓரத்துல சிந்தாம, குழாய்க்குள்ள இறக்கினேன். அப்புறம் வாயைத் துடைச்சுக்கிட்டுக் கண்ணாடியை எடுத்து மாட்டினேன். அந்த வரிசையிலதான் செஞ்சேன். கைல கொப்புளம் வரும்னு நினைச்சவன் கண்ணாடியை எதுக்கு எடுத்தான்னு நீ கேப்பே. நானும் சில சமயம் கேட்டுப் பாத்திருக்கேன்.

போலீசுக்குப் போறதுன்னா போ. நான் இதையே அங்கயும் சொல்லுவேன், ஒரு எழுத்து மாத்தமாட்டேன். ஆனா அவருகிட்ட சொல்லாதே. தாங்கமாட்டாரு. இப்போதைக்குத் தன்னைத் தானே திட்டிக்கிட்டு இருக்காரு, அது பழகிடுச்சு. என்னைத் திட்டணும்னு வந்தா அவருக்கு யாரு இருக்கா?

நீ அவரைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கேன்னு தெரியும். அதனாலதான் எல்லாத்தையும் திறந்து சொல்றேன், நம்பிக்கை வரணும்ல. நீ காலைல வேலைக்குப் போயிடுவே. அந்தக் குளிருல, மொழி தெரியாத ஊருல, அவரு நாலு சுவத்தைத் தடவிக்கிட்டு உக்காந்திருக்கணும். இங்க காலைல நான் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போறேன். நான் முன்னாடி நடக்குறேன், அவரு என் தோளைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாடி வர்றாரு. வலை இழுக்குறவங்க கூப்பிட்டா யாருன்னு நான் சொல்றேன். நகம் வெட்டி விடுறேன். முள்ளு எடுத்துத் தர்றேன். ராத்திரி எந்திரிச்சு "ஏபோ, இருக்கியா"ன்னு கேப்பாரு, இருக்கேன் மச்சான்னு சொல்லுவேன். சொன்னதும் தூங்கிடுவாரு. எங்க ரெண்டு பேருக்கும் இடையில இவ்வளவு நெருக்கம் முன்னாடி இருந்ததே இல்ல.

விட்டுட்டுப் போ, அரபா. அழாம யோசி. நான் ஒருத்தன் பக்கத்துல இல்லாம இருந்திருந்தா உங்கப்பா கதி என்ன ஆகியிருக்கும்?